அடுத்த வாரமும் வருமா?

மூன்று வாரமாக என் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு பதில் போடாமல் கிடந்தது. மலேசியாவின் கிள்ளானில் இருந்து, நான் முன்பு சின்ன வெங்காயம் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த மொத்த வியாபாரி அனுப்பியது. ஒரு நிமிடம்கூட இல்லை. "தம்பி, தடையெல்லாம் போயிருச்சு, வரியும் எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க. பழையபடி சின்ன வெங்காயம் அனுப்புவீங்களா? விலையை நீங்களே சொல்லுங்க, நான் ஒன்னும் கேக்கல. ஒரு வாரம் வந்தா அடுத்த வாரமும் வருமா, அது மட்டும் எனக்குத் தெரியணும்." பேசியவர் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை என்பதால்தான் வாய் அடைத்துப் போயிருந்தது.

திண்டுக்கல்லில் அப்பா காலத்தில் இருந்து எங்களுக்குக் கமிஷன் மண்டி. ஒட்டன்சத்திரம், பல்லடம், துறையூர், பெரம்பலூர் செட்டிகுளம் என்று பல பக்கத்துக் காயும் இங்கே ஏலத்துக்கு வரும். மண்டியில் யாரும் வெங்காயம் என்று சொல்வதில்லை, காய் என்றுதான் சொல்வோம். பழைய காய், புதுக் காய், பட்டறைக் காய், மழைக் காய். அப்பா மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி உதறுவார். சருகு உதிரும் சத்தத்தை வைத்தே இது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். 2016இல் நான் ஏற்றுமதியில் இறங்கியபோது அந்தக் கை வித்தை போதும் என்று நினைத்தேன். முதல் கன்டெய்னரிலேயே தெரிந்துவிட்டது, போதாது.

சின்ன வெங்காயம் உயிருள்ள சரக்கு. பறித்த பிறகும் மூச்சு விடும், சூடும் ஈரமும் வெளியே தள்ளும். மண்டியில் இரண்டு நாளில் கைமாறுகிற காய்க்கு அது பெரிய விஷயமில்லை. நாற்பது அடிப் பெட்டிக்குள் இருபத்தெட்டு டன்னை அடைத்துக் கடலில் விடும்போது அதுதான் முழு விஷயமும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீர் கட்டுவதை நிறுத்தியிருக்க வேண்டும். பிடுங்கிய காயை அதன் இலைத் தாளாலேயே மூடி வயலில் ஆறவிட வேண்டும். கழுத்து நன்றாகக் காய்ந்து மூடியிருக்க வேண்டும். கழுத்து மூடாத ஒரு காய் போதும், பக்கத்தில் இருக்கிற இருபது காயையும் கெடுத்துவிடும். என் முதல் சரக்கு கிள்ளானில் இறங்கியபோது கால்வாசி மூட்டைகளில் கரும்பூஞ்சை. அவர் படம் எடுத்து அனுப்பினார். அடுத்து போன் பண்ணி ஒரு மணி நேரம் பேசினார். எந்த அளவுக் காய் வேண்டும், வலைப்பை எத்தனை கிலோவாக இருக்க வேண்டும், பெட்டியின் காற்றுத் துளையை எவ்வளவு திறந்து வைக்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். அவருடைய தாத்தா ராமநாதபுரத்துப் பக்கம். மூன்று தலைமுறையாக அங்கே மளிகை மொத்த வியாபாரம். தமிழர் வீட்டுச் சாம்பாருக்கு மட்டுமில்லை, சம்பல் அரைக்கிற மலாய்க் குடும்பங்களுக்கும் இந்தச் சிவப்பு வெங்காயம் வேண்டும். பவாங் மேரா என்று கேட்டு வாங்குவார்களாம்.

மூன்று வருஷம் பிடித்தது, அவர் என் சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே கடைகளுக்கு அனுப்பும் நிலைக்கு வர. அந்த மூன்று வருஷத்தில் நான் மாறினேன், எனக்குக் காய் கொடுத்த விவசாயிகளும் மாறினார்கள். செட்டிகுளம் பக்கத்தில் ஒரு பெரியவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஏற்றுமதிக்குப் போகிற காய் என்றால் அதைச் சேமித்து வைக்கத் தனிப் பட்டறை போடுவார். அடியில் கல் அடுக்கி, மேலே கம்பு பரப்பி, பக்கவாட்டில் காற்று ஓடும்படி ஓலையும் படலும் கட்டி. "நம்ம காய் கப்பல் ஏறுது மாப்ளே" என்று அவர் ஊரில் சொல்லிக்கொண்ட பெருமைக்கு எந்த விலையும் ஈடாகாது.

ஒரே வருஷத்தில் இரண்டு முறை

2019 செப்டம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. மழையில் மகாராஷ்டிரத்து அறுவடை தள்ளிப்போய் நாடு முழுக்க வெங்காய விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். அன்றைக்கு மத்திய அரசு ஏற்றுமதியை முழுசாக நிறுத்தியது. அடுத்த வாரம் டெல்லிக்கு வந்த அப்போதைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, தன் வீட்டுச் சமையல்காரரிடம் வெங்காயம் போடாமல் சமைக்கச் சொல்லிவிட்டதாக மேடையிலேயே சொன்னார். கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்போம் என்றும் சொன்னார். செய்தியில் அதைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கிள்ளான்காரரின் முகம்தான் வந்தது. ஒரு நாட்டின் பிரதமருக்கே முன்கூட்டி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அந்த நவம்பரில் வங்கதேசம் விமானத்தில் வெங்காயம் இறக்கியது. வெங்காயத்தை விமானத்தில் ஏற்றினால் என்ன செலவாகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஐந்தரை மாதம் கழித்து 2020 மார்ச் 15 அன்று தடை நீங்கியது. பத்தே நாளில் ஊரடங்கு. ஜூனில்தான் மறுபடியும் ஆரம்பித்தோம். இந்த இடைவெளிக்காக அவரிடம் மன்னிப்பு கேட்டபோது, "கொரோனாவுக்கு நீங்க என்ன செய்வீங்க தம்பி" என்றார். இரண்டு பெட்டி, மூன்று பெட்டி என்று பழைய ஓட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

செப்டம்பர் 14. மண்டிப் பெண்கள் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து தாள் அறுத்து, சருகு நீக்கி, அளவு பிரித்து, வலைப்பையில் கட்டிய சரக்கு. திங்கள் மதியம் பெட்டியில் ஏற்றி, கதவு சாத்தி, சீல் வைத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினேன். சாயங்காலம் கோவில்பட்டியைத் தாண்டிவிட்டதாக டிரைவர் சொன்னார். அதற்கு அரை மணி நேரம் கழித்துச் சுங்க முகவரிடம் இருந்து போன். "அண்ணே, உத்தரவு வந்துருச்சு. உடனடித் தடை."

"சின்ன வெங்காயத்துக்குமா?"

"எல்லா ரகமும்னு போட்டிருக்கு அண்ணே."

அந்த உத்தரவைத் தரவிறக்கி இருபது தடவையாவது படித்திருப்பேன். ஒரு பக்கம்தான். ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் இடைக்கால விலக்கும் இதற்குக் கிடையாது என்று அதிலேயே எழுதியிருந்தது. டிரைவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "நீங்க போங்க, பார்த்துக்கலாம்" என்றேன். வண்டி போய்த் துறைமுகத்துக்கு வெளியே ஒரு யார்டில் நின்றது. அங்கே எங்களைப் போல இன்னும் எத்தனையோ பெட்டிகள். வடக்கே பெட்ராபோல் எல்லையில் வங்கதேசத்துக்குப் போக வேண்டிய லாரிகள் வரிசையாக நிற்பதை டிவியில் காட்டினார்கள். அந்த லாரிகளில் தார்ப்பாய்க்கு அடியில் காய் வெந்துகொண்டிருப்பதை நினைக்கவே வயிற்றைப் பிசைந்தது. ஏதாவது தளர்வு வரும் என்று பேச்சு இருந்ததால் காத்திருந்தேன். குளிர்பெட்டிக்குக் கரண்ட் கொடுக்க ஒரு நாளைக்கு இவ்வளவு, யார்டு வாடகை ஒரு நாளைக்கு இவ்வளவு. நான்கைந்து நாள் கழித்துத் தளர்வும் வந்தது. 14ஆம் தேதிக்குள் சுங்கத்தின் ஏற்றுமதி அனுமதி பெற்றிருந்த சரக்கு போகலாம். என் பெட்டி அந்தத் தேதியின் இரவில் ரோட்டில் இருந்தது.

திருப்பி எடுத்து வருவதுதான் வழி. பெட்டியைக் கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்ததால் சரக்கை மூன்று லாரிகளில் மாற்றி ஏற்றினோம். வழியில் மழை. தார்ப்பாய் கட்டியிருந்தும் குளிர்பெட்டியில் இருந்து வெளியே வந்த காய்க்கு வியர்த்துவிட்டது. மண்டியில் தார்ப்பாயை அவிழ்த்தபோது வந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கட்டிய அதே பெண்கள்தான் அதே மூட்டைகளைப் பிரித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு அழுகல், முளை. யாரும் பேசவில்லை. அவர்களில் மூத்தவர் மட்டும் ஒரு காயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா காய வச்ச காயி" என்றார். செட்டிகுளத்து மாமாவின் காய் அது.

மாமாவுக்குப் பத்து நாளில் பணம் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கொடுத்தேன். எங்கே இருந்து என்பது வேண்டாம். கிள்ளான்காரர் முன்பணமாக முப்பது சதவீதம் அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்புகிறேன் என்றபோது, "வச்சுக்குங்க தம்பி, வெவசாயிக்குக் குடுங்க. தடை எடுத்ததும் சரக்கா அனுப்புங்க" என்றார். அதற்கு அப்புறம் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆனா நான் கடையை மூட முடியாதுல்ல. தாய்லாந்துக் காயி எடுக்கப் போறேன்" என்றார். எனக்கு அந்தத் தொழில் கைவிட்டுப் போனது அந்த வாக்கியத்தில்தான் என்று பிற்பாடு புரிந்தது. அன்றைக்கு, "சரிண்ணே, எடுங்க" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னேன்.

2021 ஜனவரி 1 அன்று அந்தத் தடை நீங்கியது. அப்போது இங்கே மார்கழி, தை மழையில் வயலெல்லாம் நின்றுபோய் நல்ல காய் கிடைக்கவில்லை. அவருடைய முன்பணத்துக்கு ஈடான சரக்கை மாசிக்கு மேல்தான் அனுப்ப முடிந்தது. அதற்குள் அவருடைய கடைக்காரர்களுக்கு வேறு காய் பழகிவிட்டது. "உங்க காயி காரம் அதிகம், வாசம் அதிகம். அது அவங்களுக்கும் தெரியும். இருந்தாலும் எப்பவும் கிடைக்கிறது அதுதானேன்னு கேக்கறாங்க" என்றார்.

அக்காவின் போன்

இவ்வளவையும் எழுதிவிட்டுத் தடையே தப்பு என்று முடித்துவிடலாம். பல வருஷமாக அப்படித்தான் பேசிக்கொண்டும் இருந்தேன். ஆனால் அதே 2020 நவம்பரில் மதுரையில் இருந்து என் அக்கா போன் செய்தார். மச்சானுக்கு ஊரடங்கில் வேலை போயிருந்த நேரம். சின்ன வெங்காயம் கிலோ நூறைத் தாண்டிவிட்டது, உன் மண்டியில் இருந்து ஒரு மூட்டை அனுப்ப முடியுமா என்று கேட்டார். என்னிடம் எதுவும் கேட்டுப் பழகாத அக்கா. கால் கிலோ வாங்கி நாலு நாள் வைத்துச் சமைக்கிறேன் என்று அவர் சொன்னபோது, என் பெட்டி கப்பல் ஏறியிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் அக்காவின் சமையலறையும் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. வெங்காய விலையால் ஆட்சிகள் ஆடியிருக்கின்றன. 1998இல் வெங்காய விலை ஏறிய நேரத்தில் நடந்த தேர்தலில் டெல்லியில் ஆட்சியே மாறியது. அரசு பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பயத்தின் மறுமுனையில் என் அக்காவைப் போன்றவர்கள்தான் இருக்கிறார்கள்.

இதில் இன்னொரு முடிச்சு. பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கும் கடப்பைப் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் வெங்காயத்துக்கும் அந்தத் தடைக்கு நடுவிலேயே, 2020 அக்டோபரில், விலக்குக் கொடுத்தார்கள். ஆளுக்குப் பத்தாயிரம் டன், சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும். கோலார், சிக்கபல்லாபூர் விவசாயிகள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த வெங்காயத்தை உள்ளூரில் வாங்க ஆளில்லை, மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா போனால்தான் காசு. நாங்களும் சின்ன வெங்காயத்துக்கு ஏற்றுமதிப் பட்டியலில் தனிக் குறியீடு கொடுங்கள், நாசிக் பெரிய வெங்காயத்துக்குப் போடும் உத்தரவில் எங்களைச் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்தக் கோரிக்கையை நான் இன்றைக்கும் ஆதரிக்கிறேன். நாசிக் பக்கத்து லாசல்கான் வெங்காயச் சந்தையில் விலை ஏறுவதற்கும் செட்டிகுளத்துப் பட்டறைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. விதைப்பு வேறு, பருவம் வேறு, சாப்பிடுகிறவர்கள் வேறு. ஆனால் ரோஸ் வெங்காயக்காரர்கள் சொன்ன காரணத்தை எங்களால் சொல்ல முடியாது. எங்கள் காயை நாமே சாப்பிடுகிறோம். தமிழ்நாட்டில் இட்லி சாம்பார் வைக்கும் வீடெல்லாம் அதற்குச் சந்தைதான்.

அக்டோபர் 23 அன்று வந்த இருப்புக் கட்டுப்பாட்டையும் சொல்ல வேண்டும். மொத்த வியாபாரி 25 டன்னுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பதுக்கலைத் தடுக்க வந்தது. பதுக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு ஏற்றுமதிப் பெட்டி 28 டன். கெடாமல் திரும்பி வந்து அதுவரை விற்காமலும் இருந்திருந்தால் அந்த ஒரு பெட்டியே என்னைக் குற்றவாளி ஆக்கியிருக்கும்.

இத்தனை வருஷம் மனதில் புரட்டிப் பார்த்ததில் என் கோபம் ஒரே ஒரு இடத்தில் வந்து நிற்கிறது. உள்ளூரில் காய் இல்லாதபோது நிறுத்துங்கள், சரி. ஆனால் சீல் வைத்துக் கிளம்பிய பெட்டியை நிறுத்தாதீர்கள். ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கிய சரக்கைப் போகவிடுங்கள். பதினைந்து நாள் முன்னால் சொல்லுங்கள். அந்தப் பதினைந்து நாளில் ஓடிவிடும் வெங்காயத்தால் மதுரையில் விலை ஏறாது. ஒரு பெட்டியைத் திருப்புவதால் அக்காவுக்கு ஒரு கிலோகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குத்தான் போனது.

தேதி சொன்னால் அந்தத் தேதியைக் காப்பாற்றவும் வேண்டும். 2023இல் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் 19 சனிக்கிழமை 40 சதவீத ஏற்றுமதி வரி. அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 டாலருக்குக் குறைந்து அனுப்பக் கூடாது என்றார்கள். டிசம்பர் 8 முதல் முழுத் தடை, 2024 மார்ச் 31 வரை. இந்த முறை ஏற்கெனவே சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்குக்கு வழிவிட்டார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்ச் 31ஐ நம்பி நாசிக்கில் எத்தனை பேர் ராபி (குளிர்கால நடவு) பருவத்துக் காயை வைத்துக் கணக்குப் போட்டார்கள்! அந்தத் தேதிக்கு ஒன்பது நாள் முன்பு, மறு உத்தரவு வரும் வரை தடை தொடரும் என்று அறிவிப்பு வந்தது. மே 4இல் தடை நீங்கினாலும் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் ஒட்டிக்கொண்டிருந்தன. செப்டம்பரில் குறைந்தபட்ச விலை போனது, வரி பாதியானது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரியும் இல்லை. இருபது மாதத்துக்குள் ஆறு, ஏழு மாற்றம். சின்ன வெங்காயம் ஊன்றி எடுக்க அறுபது, எழுபது நாள். ஒரு வெளிநாட்டுக் கடைக்காரரிடம் பெயர் எடுக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது.

நான் 2021க்குப் பிறகு ஏற்றுமதியைத் தொடவில்லை. சென்னைக்கும் கேரளாவுக்கும் அனுப்பிப் பிழைப்பு நன்றாகவே ஓடுகிறது. அதனால்தான் அந்தக் குரல் பதிவு இவ்வளவு தொந்தரவு செய்தது. முடியாது என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. முடியும் என்று சொல்ல வேண்டும் என்று கை பரபரத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை செட்டிகுளம் போனேன். மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. வயலை மகன்தான் பார்க்கிறான். ஐப்பசியில் ஊன்றிய காய் பச்சைப் பசேலென்று நின்றது. ஓரத்தில் கொஞ்சம் திருகல் நோய் தெரிந்தது, மருந்து அடித்திருப்பதாக மகன் சொன்னான். கிள்ளான்காரர் கேட்டதை மாமாவிடம் சொன்னேன். அவர் அந்தக் குரல் பதிவைப் போடச் சொல்லி இரண்டு முறை கேட்டார். "அந்த மனுசன் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கலையே அன்னைக்கு" என்றார். பிறகு எழுந்து, வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பழைய பட்டறையைக் காட்டினார். கல் அடுக்கு அப்படியே இருக்கிறது. மேலே கம்பு மட்டும் இற்றுப்போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ராத்திரி பதில் பேசி அனுப்பினேன். "அண்ணே, தை கடைசியில் ஒரு பெட்டி அனுப்பறேன். அதுக்கு அடுத்த வாரம் அனுப்ப முடியுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். தாய்லாந்துக்காரரை விட்டுறாதீங்க. இந்த ஒரு பெட்டிக்கு முன்பணமும் வேண்டாம்."

இரண்டு நீல டிக் விழுந்தது. காலையில் பதில் வந்திருந்தது. எந்த அளவுக் காய், எத்தனை கிலோ பை, காற்றுத் துளை எவ்வளவு என்று 2016இல் சொன்ன அதே பட்டியலை முதலில் இருந்து மறுபடியும் சொல்லியிருந்தார்.